சீட் பெல்ட்டின் கடைசி முழம்

நேயர்களுக்கு வணக்கம்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மடிப்பாக்கத்தில் என் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். என் பழைய காரை விற்பதாகக் கொடுத்திருந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தவர். பெயிண்டைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். இனி வராது என்ற இடம்வரை இழுத்து, சுருளுக்குள்ளேயே கிடந்து வெளிச்சம் பார்த்திராத அந்தக் கடைசி முழத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு முகர்ந்தும் பார்த்தார்.

அவர் தேடியது சேற்றுக் கறை. வெள்ளத்தில் மூழ்கிய காரை எத்தனை முறை கழுவினாலும், சீட் பெல்ட்டின் அடியில் தண்ணீர் நின்ற கோடு காபிக் கறைபோலத் தங்கிவிடும். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. மடிப்பாக்கம், வேளச்சேரி, முடிச்சூர் என்று முகவரி சொன்னாலே எதிராளியின் முகம் மாறுகிறது. நானே மோட்டார் காப்பீட்டு சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரார் கார்களில் இதே கறையைத் தேடித் தேடிக் கண் பூத்தவன். என் காரில் ஒருவர் தேடுவதைக் கைகட்டி நின்று பார்ப்பது அன்றுதான் முதல்முறை.

நல்லவேளை, என்னிடம் பதில் இருந்தது. 2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவு, நானும் எங்கள் தெருவில் சிலரும் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு, குடையோடு நடந்து வீடு திரும்பினோம். கிளம்புமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்திருந்தேன். கொட்டும் மழை, வரிசையாகக் கார்கள், நடுவில் என் காரின் பதிவெண். தேதியும் நேரமும் படத்திலேயே இருக்கின்றன. அதைக் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். கையிலிருந்த பெல்ட்டை விட்டார். அது சரசரவென்று உள்ளே ஓடியது. அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சே தொடங்கியது.

அது 2016இல் பதிவான பெட்ரோல் கார். பழைய கார் வியாபாரி ஒருவர் அதற்கு 2,60,000 ரூபாய் சொன்னார். நான் நேரடியாக விற்றது 3,20,000க்கு. இடையிலுள்ள அறுபதாயிரத்தை வியாபாரியின் கொள்ளை என்று நான் சொல்லமாட்டேன். அவர் காரை வாங்கி, செலவு செய்து, மாதக்கணக்கில் நிறுத்திவைத்து, விற்ற பிறகு வரும் புகாருக்கும் பதில் சொல்கிறார். வாங்குகிறவரின் சந்தேகத்தைச் சுமப்பதற்கு அவர் வாங்கும் கூலி அது. அந்தக் கூலி நமக்கு வேண்டுமென்றால் அந்தச் சுமையையும் நாமே தூக்க வேண்டும்.

எப்படித் தூக்குவது? முதலில், மறைக்காமல் இருப்பது. என் காரின் இடது பின்கதவில் ஓர் ஆட்டோ இடித்த நசுங்கல். டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார் மெக்கானிக். வேண்டாம் என்றேன். ஒரே ஒரு கதவு மட்டும் புதுமாப்பிள்ளைபோல் பளபளத்தால், பார்க்கிறவர் பெரிய விபத்தையே கற்பனை செய்துகொள்வார். நசுங்கலை விளம்பரத்திலேயே எழுதி, கிட்டத்தில் படமும் போட்டேன். அதைக் காட்டி விலை குறைக்கச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் ஏ.சி.க்குச் செலவு செய்தேன். சென்னை வெயிலில் நின்ற காரில் ஏறி உட்கார்ந்ததும் சில்லென்று காற்று வரவில்லையென்றால், என்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பேச்சு முடிந்தது.

தெரிந்து வாங்க வருகிறவர்கள் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும் குறியீடு உண்டு. ஒரு கண்ணாடி மட்டும் வேறு ஆண்டைக் காட்டினால் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சர்வீஸ் ரசீதுகளை ஆண்டு வரிசையில் ஒரு ஃபைலில் கோத்து வைத்திருந்தேன். மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்ற சந்தேகத்துக்கு, ஒவ்வொரு ரசீதிலும் எழுதியிருக்கும் கிலோமீட்டர் கணக்கைவிட நல்ல பதில் கிடையாது.

நேரம் விஷயத்தில் நான் தவறு செய்தேன். ஆடி மாதம் விளம்பரம் கொடுத்தேன். "ஆடி கழியட்டும் சார், வந்து பார்க்கிறேன்" என்று நான்கு பேர் சொன்னார்கள். பகுத்தறிவு பேசிப் பயனில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டு வாங்குகிறவரின் நம்பிக்கையைத் திருத்த முடியுமா? பதிவெண்ணின் கூட்டுத்தொகை எட்டு வருகிறது என்பதற்காகவே ஒருவர் வீட்டுக்குள் வராமல் திரும்பிப் போனார். தண்ணீராவது குடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.

தொலைபேசியில் "கடைசி விலை என்ன?" என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்றுதான் சொன்னேன்: வண்டியைப் பாருங்கள், பிறகு பேசுவோம். பார்க்காமலேயே முன்பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்று ஒருவர் அவசரப்படுத்தினார். பணம் வாங்குவதற்கு நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

விலை படிந்ததும், வந்தவர் மூன்று லட்சத்து இருபதாயிரத்தையும் ரொக்கமாகத் தருவதாகச் சொன்னார். வருமான வரிச் சட்டப்படி, 2017 ஏப்ரல் முதல், இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனைக்கு ரொக்கமாக வாங்கக்கூடாது. மீறினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கேட்பார்கள்; அதுவும் கொடுத்தவரிடம் அல்ல, வாங்கியவரிடம். வங்கி வழியாகவே அனுப்பச் சொன்னேன். அவர் கைபேசியில் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், என் கணக்கில் பணம் ஏறியதை நானே பார்த்த பிறகுதான் சாவியை எடுத்தேன்.

இனி நான் நிதானமாகச் சொல்ல விரும்பும் பகுதி. சாவி கைமாறினால் கார் கைமாறிவிட்டது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அந்த வழக்கில் ஒரு கார் கைமாறிக் கைமாறிப் பலரிடம் போயிருந்தது, ஆனால் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழில் முதல் உரிமையாளரின் பெயரே இருந்தது. கார் விபத்துக்குள்ளானபோது, இழப்பீட்டுக்கு அந்தப் பதிவு உரிமையாளரே பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்த்தது. என் பணிக்காலத்திலும், எப்போதோ விற்ற வண்டிக்காகச் சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். "நான்தான் விற்றுவிட்டேனே" என்பார்கள். எழுத்தில் காட்ட ஒன்றும் இருக்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29 அதற்குத்தான். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 30. வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் தரகரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள். கார் ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் உங்களிடம் இருக்கட்டும். கடனில் வாங்கிய கார் என்றால், கடனை அடைத்ததோடு நிற்காமல், படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை முன்பே நீக்கிவிடுங்கள்.

காப்பீட்டில் ஒரு சின்னக் கணக்கு. நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, காருக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. ஐம்பது சதவீதம்வரை சேரும். காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் வாங்கிவைத்துக்கொண்டால் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். ஃபாஸ்டேகை மூடுவதற்குத்தான் நான் மறந்துபோனேன். ஒப்படைத்த மறுநாளே பரனூர் சுங்கச்சாவடியில் பணம் பிடித்ததாக எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. புது உரிமையாளர் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருக்கிறார், என் செலவில்.

ஒப்படைத்த அன்று ராகுகாலம் கழிந்ததும் வந்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அவருடைய அம்மா கற்பூரம் காட்டினார். கார் தெருமுனை திரும்பியது. அன்றிலிருந்து தினமும் காலையில் செய்தித்தாளுக்கு முன்னால், வாகனப் பதிவு விவரம் காட்டும் எம்பரிவாகன் செயலியைத் திறந்து, பதிவெண்ணைத் தட்டிப் பார்த்தேன். பத்தொன்பதாம் நாள் அதில் என் பெயர் இல்லை. வெளியே வந்து பார்த்தால், கார் நின்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை நிறுத்தி, மழைக்கு உறையும் போட்டிருந்தார்.

வணக்கம்.