பூவா தலையா? தலைதான்!

நேயர்களுக்கு வணக்கம். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது யார் முதலில் மட்டை பிடிப்பது என்று பூவா தலையா போட்டிருப்போம். எப்படி விழுந்தாலும் தலைதான் என்று ஒரு காசை ஒருத்தன் கொண்டுவந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்போம், இல்லையா? அப்படி ஒரு காசை ஓர் அரசாங்கமே அடித்தது, அதுவும் தங்கத்தில். ஊர் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்), காலம் கி.பி. 797 முதல் 802 வரை. இரண்டு பக்கமும் இருப்பவர் பைசாண்டியப் பேரரசி, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் அரசி, ஐரீன்.

காசின் பெயர் சாலிடஸ். ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்தில் 72 காசு என்பது நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் முதலாம் கான்ஸ்டன்டைன் வைத்த கணக்கு. ஒரு காசு சுமார் 4.5 கிராம், நம் கணக்கில் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேலே. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: நேராக நம்மைப் பார்க்கும் முகம், கிரீடத்திலிருந்து காதோரம் தொங்கும் முத்துச்சரம், கட்டம் போட்ட கனத்த அரச உடை, ஒரு கையில் சிலுவை வைத்த உருண்டை, மறு கையில் செங்கோல். திருப்பினால் அதே அம்மாள், அதே உருண்டை, அதே செங்கோல். சுற்றிலும் கிரேக்கத்தில் ‘பேரரசி ஐரீன்’.

ஐரீன் வாழ்க்கைப்பட்ட அரச வம்சத்தில் காசின் பின்பக்கம் குடும்பத்துக்குரிய இடம். மகனைப் போடுவார்கள், இல்லாவிட்டால் செத்துப்போன அப்பாவை. ஐரீன் ஏதென்ஸிலிருந்து வந்த மருமகள். 780-ல் கணவர் நான்காம் லியோ இறந்தபோது மகன் ஆறாம் கான்ஸ்டன்டைனுக்கு 9 வயது, அதனால் ஆட்சி அம்மா கைக்கு வந்தது. அப்போதைய காசில் ஒரு பக்கம் தாயும் மகனும், மறுபக்கம் பையனின் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூவரும் வரிசையாக. 790-ல் படை மகன் பக்கம் சாய, அம்மா ஒதுக்கப்பட்டார். 792-ல் மகனே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அப்புறம் வந்த காசில் முன்பக்கம் அம்மா, பின்பக்கம் மகன். இருபது வயதைத் தாண்டிய அரசருக்குக் காசில் தாடி இல்லை, இன்னும் சின்னப் பையன்தானாம்! எனக்கு இந்தத் தாடி விஷயம்தான் எல்லாவற்றையும்விட உறுத்துகிறது.

797-ல் அந்த மகனைப் பிடித்து, அரண்மனையில் அவர் பிறந்த அதே அறையில் கண்களைக் குருடாக்கினார்கள். கட்டளை தாயுடையது.

இப்போது பின்பக்கம் காலி. கணவர் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. படிகள்மேல் நிற்கும் சிலுவையைப் போட்டிருக்கலாம், அதற்குப் பழைய வழக்கம் உண்டு. போடவில்லை, தன்னையே இன்னொரு முறை போட்டுக்கொண்டார். 799 ஈஸ்டருக்கு மறுநாள் நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய தேரில் காசை வாரி இறைத்துக்கொண்டு ஊர்வலம் போனவர் அவர். கூச்சம் அவரிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அவர் ஆண்டுகொண்டிருக்கும்போதே, 800 கிறிஸ்துமஸ் அன்று ரோமில் போப்பாண்டவர் மேற்கே ஆண்ட பிராங்கு அரசர் சார்லமேனுக்கு ரோமப் பேரரசர் என்று முடி சூட்டினார். பெண் உட்கார்ந்த அரியணை காலி அரியணைதான் என்று அந்தப் பக்கம் ஒரு நியாயமும் எழுதிவைத்தார்கள்.

802 அக்டோபர் கடைசியில் ஐரீனை இறக்கிவிட்டு அரியணையில் ஏறியவர் அவருடைய நிதி அமைச்சர் நிகெபோரஸ். அவர் அடித்த முதல் காசில் முன்பக்கம் அவர், பின்பக்கம் சிலுவை. அடுத்த ஆண்டே சிலுவையை எடுத்துவிட்டு அங்கே தன் மகனைப் போட்டார்.