அலைபாய்வதா, ஆராய்வதா? 'டிஸ்கர்சிவ்' என்ற ஒரே சொல்லில் இரண்டும் எப்படி?

ஒரு கட்டுரையை ஆங்கிலத்தில் 'டிஸ்கர்சிவ்' (discursive) என்கிறார்கள். எழுதியவர் சொல்ல வந்ததை விட்டு எங்கெங்கோ போய்விட்டார் என்று பொருளா? படிப்படியாக வாதம் செய்து முடிவுக்கு வந்தார் என்று பொருளா? அகராதியைத் திறந்தால் இரண்டுமே அடுத்தடுத்து இருக்கும்!

உச்சரிப்பில் அழுத்தம் நடுவில் வரும் 'கர்' மேல். சரி, விஷயத்துக்கு வருவோம்.

லத்தீனில் 'டிஸ்' என்றால் பல பக்கமாக. 'குர்ரெரே' என்றால் ஓடுவது. சேர்த்தால், இங்கும் அங்கும் ஓடுவது. இப்போது கம்ப்யூட்டர் திரையைப் பாருங்கள். நீங்கள் தட்டத் தட்ட எழுத்துக்கு முன்னால் நகர்ந்துகொண்டே போகிறதே, அந்தச் சின்னக் கோடு, கர்சர்? லத்தீனில் அதற்கு 'ஓடுபவர்' என்று பொருள். கூட்டெழுத்தாக எழுதும் கர்சிவ்கூட ஓடும் எழுத்துதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? 'மனசு எங்கெங்கோ ஓடுது' என்றால் கவனம் சிதறுகிறது. 'மூளையே ஓடல' என்றால் யோசிக்க முடியவில்லை. கவனித்தீர்களா? மனசு ஓடினால் அலைச்சல், மூளை ஓடினால் சிந்தனை. டிஸ்கர்சிவின் இரண்டு பொருளும் நம் 'ஓடு' என்ற வினையிலேயே இருக்கின்றன! இதைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடமே வேண்டாம்.

தத்துவத்தில் இந்த ஓட்டத்துக்குப் பெரிய மரியாதை. 1667இல் வெளிவந்த, ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் ரஃபேல் என்ற தேவதூதர் ஆதாமிடம் பகுத்தறிவு இரண்டு வகை என்கிறார். சட்டென்று உள்ளுணர்வால் அறிவது பெரும்பாலும் தேவதூதர்களுக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து அறியும் டிஸ்கர்சிவ் வகை பெரும்பாலும் மனிதர்களுக்கு. மனிதர்களுக்குக் கிடைத்ததுதான் சுவாரசியமானது என்பேன்.

அப்புறம், எந்த இடத்தில் எந்தப் பொருள்? பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். 'டிஸ்கர்சிவ் ஸ்டைல்' என்றால் பெரும்பாலும் கிளை கிளையாகப் போகும் நடை. 'டிஸ்கர்சிவ் ரீசனிங்' என்றால் படிப்படியான தர்க்கம். ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் 'டிஸ்கர்சிவ் எஸ்ஸே' கேட்டால், ஒரு பிரச்சினையை எடுத்து வாதங்களை அலசி எழுத வேண்டும். அங்கே போய் மனம்போன போக்கில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்!

சமூக ஆய்வுகளில் 'சொல்லாடல் சார்ந்த', அதாவது ஒரு விஷயத்தைப் பற்றி மக்கள் பேசும், எழுதும் விதம் சார்ந்த, என்ற மூன்றாவது பொருளும் உண்டு.

'டெசல்டரி' (desultory) என்ற சொல்லோடு மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓடும் குதிரையிலிருந்து இன்னொரு குதிரைக்குத் தாவும் ரோமானிய வித்தைக்காரர்களிடமிருந்து வந்தது அது. டெசல்டரி என்றால் ஒழுங்கே இல்லாத தாவல், அது குறைதான். டிஸ்கர்சிவ் அலைச்சலில் சுகமும் இருக்கலாம்.

இப்போது உங்கள் முறை. 'அவருடைய டிஸ்கர்சிவ் கடிதங்களை விரும்பிப் படித்தேன்.' இங்கே ஓடுவது மனசா, மூளையா? கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.