ஒரே ஆறு, எதிரெதிர் கோட்டைகள்: தோர்தோன் பள்ளத்தாக்கில்

வணக்கம் நண்பர்களே. கேமராவை என் முகத்திலிருந்து திருப்பிவிடுகிறேன், பார்க்க வேண்டியது எனக்குப் பின்னால் இருக்கிறது. கீழே வளைந்து வளைந்து போவது தோர்தோன் ஆறு. அக்கரையில் செங்குத்துப் பாறையின் உச்சியில், பாறை எங்கே முடிந்து மதில் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, அது பெய்னாக் கோட்டை. நான் நின்றுகொண்டிருப்பது அதன் பரம எதிரியின் மொட்டை மாடியில். இதன் பெயர் காஸ்தெல்நோ. நேர்க்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் இடையே சுமார் 3 கிலோமீட்டர்தான் இருக்கும்.

பிரான்ஸின் தென்மேற்கில், பெரிகோர் என்று அழைக்கப்படும் பகுதி இது. வால்நட் தோப்பு, சோளக் கொல்லை, சின்னச் சின்னக் கிராமங்கள், இவ்வளவுதான் ஊர். ஆனால் எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் ஒரு மேட்டில் ஒரு கோபுரம் தலைகாட்டும். பெரிகோரில் 1,001 கோட்டைகள் என்று பெருமையாகச் சொல்வார்கள். எண்ணிப் பார்க்கிற வேலை எனக்கு வேண்டாம்.

பிரான்ஸ் கோட்டைகள் என்றதும் எல்லோரும் லுவார் ஆற்றங்கரைக்குத்தான் போகிறார்கள். ஷாம்போர், ஷெனோன்சோ எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவை ராஜாக்கள் வேட்டைக்கும் விருந்துக்கும் கட்டிக்கொண்ட மாளிகைகள். இங்கே இருப்பவை பயத்தில் கட்டியவை. சுவரைத் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

என்ன பயம்? இங்கிலாந்துப் படை மேல்தான். இங்கிலாந்துக்காரர்கள் இந்த உள்நாட்டு ஆற்றங்கரைக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்பீர்கள். ஒரு கல்யாணத்தால் வந்தார்கள். 1152 இல், இந்தப் பகுதியையும் உள்ளடக்கிய அக்கித்தேன் நாட்டுச் சீமாட்டி எலியனோர், ஹென்றி என்ற இளைஞரை மணந்தார். இரண்டே வருடத்தில் அந்த ஹென்றி இங்கிலாந்தின் மன்னரானார். பெண்ணோடு சீர்வரிசையாக ஒரு நாடே போய்ச் சேர்ந்தது போலாயிற்று. அந்தச் சீர்வரிசைக்கான சண்டை தலைமுறை தலைமுறையாக ஓயவில்லை. 1337 இல் தொடங்கிய நூறாண்டுப் போரில், இந்தப் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய இந்த ஆறுதான் எல்லை. பெய்னாக் பிரெஞ்சு மன்னர் பக்கம். காஸ்தெல்நோ நீண்ட காலம் இங்கிலாந்து பக்கம் இருந்தது, நடுவே பலமுறை கை மாறியது. 1442 இல் முற்றுகையிட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பிடித்தார்கள்.

இப்போது இங்கே வாருங்கள், இந்த அம்புத்துளையைக் காட்டுகிறேன். உட்பக்கம் பாருங்கள், ஓர் ஆள் தோளை நுழைத்துச் சாய்ந்து நிற்கும் அளவுக்கு அகலம். வெளியே போகப் போகக் குறுகி, கடைசியில் உள்ளங்கை அகலம்கூட இல்லை. உள்ளே நிற்பவனுக்குத் தலையை இடம் வலமாக நகர்த்தினால் பள்ளத்தாக்கில் பாதி தெரியும். வெளியே இருப்பவனுக்குச் சுவரில் ஒரு கீறல் மட்டுமே தெரியும். கேமராவை வைத்துப் பார்க்கிறேன். ஆறு, பாலம், சாலை, அதற்கப்பால் பெய்னாக். ஒன்றும் தப்பவில்லை. இத்தனை உயரத்தில் காற்று இந்தத் துளை வழியாகக் குளிர்ச்சியாக அறைகிறது, ஒலிவாங்கியில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல் தளத்தில் வரிசையாக நிற்கும் மர ராட்சதர்களைக் காட்டியே ஆக வேண்டும். 1985 இல் இந்தக் கோட்டையில் இடைக்காலப் போர்க்கலை அருங்காட்சியகம் திறந்தார்கள். வாள், கவசம், குறுக்குவில் எல்லாம் உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. வெளியே இருப்பவை முழு அளவில் மறுபடி செய்த கல்லெறி பொறிகள். பெரியது ட்ரெபூஷே. ஒரு நீண்ட மர உத்தரம், அச்சு நடுவில் இல்லாமல் ஒரு முனைக்குப் பக்கத்தில் இருக்கும். குட்டை முனையில் டன் கணக்கில் எடை நிரப்பிய பெட்டி, நெட்டை முனையில் கயிற்றுக் கவண். நெட்டை முனையைக் கீழே இழுத்துக் கட்டிவிட்டுக் கொக்கியைத் தட்டினால் பெட்டி பொத்தென்று இறங்கும், உத்தரம் சுழலும், கவண் சவுக்கு போல வீசும். 100 கிலோ கல்லை 200 மீட்டர் தூரத்துக்கு எறியக்கூடியது. ஆனால் ஒருமுறை எறிந்தபின் மறுபடி இழுத்துக் கட்டிக் கல் ஏற்ற நெடுநேரம் ஆகும், அதற்கே ஒரு கூட்டம் ஆள் வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு கணக்கு உதைத்தது. 200 மீட்டர் எங்கே, 3 கிலோமீட்டர் எங்கே? இந்தப் பொறியும் சரி, எந்த வில்லும் சரி, இங்கிருந்து பெய்னாக் மதிலைத் தொடவே முடியாது. இந்த மேடையில் நின்று புகைப்படம் எடுப்பவர்களில் பாதிப் பேர், இங்கிருந்து அங்கே கல் பறந்தது என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கிப் போகிறார்கள். இரண்டு கோட்டைகளும் ஒன்றையொன்று வேவு பார்க்கவே எதிரெதிராக இருந்தன. யார் வருகிறார், எத்தனைக் குதிரை, எத்தனைப் படகு என்று இரவும் பகலும் கண்காணிப்பது. உண்மையில் போட்டி நடுவில் ஓடும் ஆற்றுக்காகத்தான். சாலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லாத காலத்தில், மரமும் திராட்சை மதுவும் உப்பும் போய்வந்த வழி அது. ஆற்றைப் பிடித்தவனுக்கே ஊர் சொந்தம்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? இதே கரையில், பெய்னாக்குக்கு நேர் எதிரே, மரங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கோட்டை தெரிகிறதா? அது ஃபேராக். காஸ்தெல்நோவின் முன் காவல் சாவடி என்று சொல்கிறார்கள். இப்போது தனியார் வீடு, உள்ளே விடுவதில்லை.

ஆகவே என் யோசனை ஒன்றுதான். ஒரு கோட்டையைப் பார்க்க வேண்டுமானால் முதலில் எதிரியின் கோட்டையில் ஏறுங்கள். பெய்னாக்கின் உள்ளே நின்றால் அதன் உயரம் உறைக்காது. இங்கிருந்து பார்த்தால்தான், ஆற்றிலிருந்து சுமார் 150 மீட்டர் உயரப் பாறையின் மேல் அதைக் கொண்டுபோய் வைத்தவனின் பிடிவாதம் புரியும். புகைப்படம் எடுப்பவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. பெய்னாக் வடகரையில் தெற்கு நோக்கி நிற்பதால் பகல் முழுக்க வெயில் அதன் முகத்தில் விழும். காஸ்தெல்நோவை அங்கிருந்து எடுப்பதானால் கோடைக்கால மாலை வரை காத்திருங்கள், நடுப்பகலில் வெறும் கறுப்பு உருவம்தான் கிடைக்கும்.

ஆற்றுக்கு இறங்கிவிட்டேன். இப்போது லா ரோக் கஜாக் என்ற கிராமத்தில் கபார் படகில் உட்கார்ந்திருக்கிறேன். பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடைத்த இடுக்கில் ஒரு வரிசை வீடுகள். 1957 இல் மேலிருந்து பாறை சரிந்து விழுந்து மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். அந்த வடு இன்னும் தெரிகிறது, மேலே வெளிறிய மஞ்சளாக இருக்கும் பகுதி. கபார் என்பது தட்டையடிப் படகு. மேல் தோர்தோனில் மரம் வெட்டி, அங்கேயே படகு கட்டி, வெள்ளம் வரும் பருவத்தில் சரக்கோடு இறக்கிவிடுவார்கள். கீழே போய்ச் சேர்ந்ததும் படகையும் உடைத்து விறகாகவோ பலகையாகவோ விற்றுவிட்டு, படகோட்டி கால்நடையாக ஊர் திரும்புவான். சுற்றுலாப் படகு சுமார் ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டும். துடுப்புப் போடத் தெரிந்தவர்கள் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நீரோட்டத்தோடு போவதே மேல். கோட்டைகளின் அடியிலேயே மிதந்து போகலாம், இறங்கும் இடத்திலிருந்து வண்டியில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் வராதீர்கள், ஆறு முழுக்கப் படகு.

பெய்னாக் ஏறுவதற்கு மூச்சு வேண்டும். கிராமத்துச் சந்துகள் வழியாக ஒரே ஏற்றம். கூரைகளைப் பாருங்கள், ஓடு இல்லை, சுண்ணாம்புக்கல் பலகைகள். தடிமனான கல், அடுக்கி அடுக்கி வைத்தது. இந்தப் பாரத்தைத் தாங்கக் கீழே எவ்வளவு பெரிய மரச்சட்டம் வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ஏறினால் கால் வலி கொஞ்சம் மறக்கும்.

உள்ளே பெரும்பாலும் வெறுமை, எனக்கு அது பிடித்திருந்தது. பெரிகோரின் நான்கு பெரும் பிரபுக் குடும்பங்களில் பெய்னாக் ஒன்று, அவர்கள் கூடிய பெரிய மண்டபம் இது. பக்கத்தில் குட்டி வழிபாட்டு அறை, சுவரில் இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியம். வண்ணம் மங்கிவிட்டது, மேசை விரிப்பின் மடிப்பு மட்டும் இன்னும் தெளிவு. சிங்க நெஞ்சர் என்று பெயரெடுத்த இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் இந்தக் கோட்டையைக் கைப்பற்றித் தன் கூலிப்படைத் தலைவன் மெர்காதியேவுக்குக் கொடுத்தார். 1199 இல் இங்கிருந்து வடக்கே ஷாலுஸ் கோட்டை முற்றுகையில் குறுக்குவில் அம்பு பட்டு ரிச்சர்ட் இறந்தார். அடுத்து 1214 இல் சிமோன் தெ மோன்ஃபோர் வந்தார். திருச்சபை மதவிரோதிகள் என்று முத்திரை குத்திய காத்தார் பிரிவினரை ஒழிக்கப் புறப்பட்ட படை அது. பெய்னாக்கையும் பிடித்தார், எதிரே காஸ்தெல்நோவையும் பிடித்தார். எதிரிகள் இருவரும் ஒரே ஆளிடம் தோற்ற வருடம்.

சுழல் படிக்கட்டு ஏறும்போது, எதிரி வலக்கையால் வாள் வீச முடியாதபடி இப்படிச் சுழற்றிக் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இடப்பக்கம் சுழலும் படிக்கட்டுகளும் ஏராளமாக இருப்பதால் ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. எதிரி படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டால் கோட்டை போன மாதிரிதான்.

கடைசியாக மிலாந்த். ஆற்றோடு கொஞ்சம் கீழே, காஸ்தெல்நோ பக்கக் கரையில் இருக்கிறது. 1489 இல் காஸ்தெல்நோவின் பிரபு தன் மனைவிக்காகக் கட்டியது. பழைய கோட்டையின் குளிரும் இருட்டும் அந்த அம்மாளுக்கு ஒத்துவரவில்லையாம், எனக்கு அதில் வியப்பில்லை. இதற்குப் பெரிய ஜன்னல்கள், வெளிச்சம். ஆனால் நாம் இங்கே வருவது ஜோசபின் பேக்கருக்காக. அமெரிக்காவில் 1906 இல் பிறந்து பாரிஸ் மேடையை ஆண்ட கறுப்பினக் கலைஞர். 1937 இல் இதை வாடகைக்கு எடுத்தார், 1947 இல் விலைக்கு வாங்கினார். போர்க்காலத்தில் நாஜிகளுக்கு எதிரான பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்துக்காக உளவு வேலை பார்த்தார். பல நாடுகளிலிருந்து 12 குழந்தைகளைத் தத்தெடுத்து இங்கே வளர்த்தார். ஒரு வாசனைத் திரவியப் புட்டியைப் பார்த்து வடிவமைத்த குளியலறை இருக்கிறது, கறுப்பு ஓடும் பொன்னிறமுமாக. அடுத்த அறையில் மேடை உடைகள். இதற்கெல்லாம் நடுவே கடன் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

1968 இல் கோட்டை ஏலத்துக்குப் போனது. 1969 இல் வெளியேற மறுத்தவரைப் பூட்டி வெளியே நிறுத்தினார்கள். தலையில் குல்லாயோடு சமையலறைப் படியில் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தப் படியைத்தான் இப்போது காட்டுகிறேன். மற்ற கோட்டைகளில் முற்றுகை என்று படித்ததெல்லாம் எனக்குப் பெயரும் வருடமுமாகவே இருந்தது, இங்கே ஓர் ஆள் தெரிகிறார். 2021 நவம்பர் 30 அன்று பிரான்ஸ் தன் பெரும் ஆளுமைகளை அடக்கம் செய்து கௌரவிக்கும் பாரிஸின் பாந்தியோனில் அவருக்கு இடம் கொடுத்தபோது, சவப்பெட்டியில் வைத்த மண்ணில் மிலாந்த் மண்ணும் இருந்தது.

இந்தப் பகுதிக்கு வர போர்தோ நகரத்திலிருந்து பக்கத்து ஊரான சார்லாவுக்கு ரயில் இருக்கிறது. சார்லாவிலிருந்து கோட்டைகளுக்குக் கார் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான். அடுத்த வீடியோவில் தோம் போகிறோம். 1281 இல் மலையுச்சியில் எழுப்பிய மதில் நகரம் அது. அதன் வாயில் கோபுரத்தில் அடைபட்டிருந்த டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர்த் துறவி வீரர்கள் சுவரில் கீறிவைத்த சிலுவைகளைப் படம் எடுக்க அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்தால் கிட்டத்தில் காட்டுகிறேன், கிடைக்காவிட்டால் வாயிலை வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டியிருக்கும்.