கலவர நாட்களில் மனத்தைக் காப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

ஊரில் கலவரம் மூண்டு, கடைகள் அடைபட்டு, ஊரடங்கு அறிவிக்கப்படும் நாட்களில், வீட்டுக்குள் பத்திரமாக இருப்பவர்களுக்கும் உறக்கம் வருவதில்லை. "எனக்கு எதுவும் நேரவில்லையே, பிறகு ஏன் இப்படிப் படபடக்கிறது?" என்று பலர் கூச்சத்தோடு கேட்பதுண்டு. இதில் கூச்சப்பட ஏதுமில்லை. ஆபத்து என்று மூளை கணித்த நொடியிலேயே அட்ரினலின் சுரந்து, இதயத் துடிப்பு கூடி, தசைகள் இறுகி, ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகிவிடுகிறது. அந்த ஆபத்து தெருமுனையில் இருக்கிறதா, கைபேசித் திரையில் இருக்கிறதா என்று உடல் அவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்தத் திரையைப் பற்றித்தான் நான் இன்று அதிகம் பேச விரும்புகிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2013 ஏப்ரலில், மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டுகள் வெடித்தன. அடுத்த ஒரு வாரம் நாள்தோறும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அச்செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்கள், குண்டுவெடிப்பை நேரில் எதிர்கொண்டவர்களைக் காட்டிலும் கடுமையான மன அழுத்தத்தைத் தெரிவித்ததாக, பின்னர் நடந்த ஆய்வு ஒன்று பதிவு செய்தது.

நள்ளிரவில், எரியும் வாகனத்தின் அதே காணொளியை ஒலியைக் குறைத்துக்கொண்டு ஒரு தந்தை மீண்டும் மீண்டும் பார்க்கிறார். பக்கத்தில் படுத்திருக்கும் மகள் கண்களை மூடியபடியே விழித்திருக்கிறாள். அவர் தெரிந்துகொள்ள அந்தக் காணொளியில் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவருடைய உடல் அந்த நெருப்பைப் புதிதாகவே சந்திக்கிறது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, நம்பகமான ஒரு செய்தி நிறுவனத்தின் வழியாகவோ அதிகாரபூர்வ அறிவிப்பின் வழியாகவோ நிலவரத்தை அறிந்துகொண்டு, இடைப்பட்ட நேரத்தில் கைபேசியை எட்டி வைத்துவிடுங்கள். யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று தெரியாத காணொளியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அதைப் பெறுபவரின் இரவையும் நாம் பறித்துவிடுகிறோம்.

குழந்தைகளிடம் "ஒன்றுமில்லை, தூங்கு" என்று சொல்லி மறைப்பதால் பயன் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பெரியவர்களின் முகத்தை அவர்கள் படித்துவிடுகிறார்கள். நாம் சொல்லாமல் விட்ட இடத்தைத் தங்கள் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார்கள், அந்தக் கற்பனை பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியது. என்ன நடக்கிறது என்பதை வயதுக்கேற்ற சில சொற்களில் சொல்லி, அவர்களைப் பாதுகாக்க நாம் என்ன செய்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். படுக்கையை நனைப்பதும், தாயை விட்டு விலக மறுப்பதும், கண்ட காட்சியையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப நடித்துப் பார்ப்பதும் அந்த வயதில் அச்சம் வெளிப்படும் வழிகள், அவற்றுக்காகத் திட்டாதீர்கள். வழக்கமான நேரத்தில் உணவு, குளியல், கதை, உறக்கம் என்று நாள் நகர்ந்தாலே பிள்ளைகள் பெரிதும் ஆறுதல் அடைவார்கள்.

கண்ணெதிரே கொடுமையைக் கண்டுவந்தவரிடம் நடந்ததை முழுவதுமாகச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் இதையே அறிவுறுத்துகிறது. அவருக்கு உடனடியாக என்ன தேவை என்று பாருங்கள்; அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள்; உறவினரோடோ மருத்துவரோடோ அவரைத் தொடர்புபடுத்துங்கள். "தைரியமாக இரு" என்ற சொல்லைத் தவிர்த்துவிடலாம்.

கோபமும் வரும். அநீதி கண்டு எழும் கோபம் நியாயமானதே. ஆனால் அது, நேற்றுவரை பேசிப் பழகிய பக்கத்து வீட்டுக்காரரை ஒரு கூட்டத்தின் பிரதிநிதியாக மட்டும் பார்க்கச் செய்யும்போது, நம்மை நாமே தனிமைப்படுத்திக்கொள்கிறோம். கதவைத் தட்டி நலம் விசாரிக்க முடியாத சூழலில் தொலைபேசியிலாவது விசாரியுங்கள்.

பெரும்பாலானோருக்கு இந்தப் படபடப்பு சில வாரங்களில் தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் கொடுங்கனவுகள், திடுக்கிடல், எவரோடும் ஒட்டாத நிலை ஆகியவை நீடித்தால் மனநல மருத்துவரை அணுகுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அருகில் இருப்பவரிடம் உடனே சொல்லி, அவர் துணையோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.