குளோரோடைன் பாட்டில் கிடைத்துவிட்டது! அதன் விலையில் இருந்த ஒன்றரைப் பென்னி கணக்கையும் பேசிவிடலாம்

எல்லோருக்கும் வணக்கம். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், தெரிகிறதா? பக்கவாட்டில் விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும். காலிஸ் பிரவுன். குளோரோடைன் என்ற பழைய ஆங்கில மருந்தின் பாட்டிலேதான்! நம் சேனலை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், இதைத் தேடி நான் எவ்வளவு புலம்பியிருக்கிறேன் என்று. கோலி சோடா பாட்டில் கிடைக்கும், மைக்கூடு கிடைக்கும், இது மட்டும் கையில் சிக்கவே சிக்காது.

விலையைச் சொல்லாமல் விட்டால் கமெண்டில் முதல் கேள்வியே அதுதான். பழைய சாமான் கடைக்காரர் இதை வெள்ளைக்காரர் காலத்து சென்ட் பாட்டில் என்று நினைத்து 1,500 ரூபாய் சொன்னார். நான் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. வாயோரத்தில் நகக்கண் அளவு உடைந்திருந்தது, அதையே பிடித்துக்கொண்டேன். 500 என்றேன். அவர் 1,000 என்றார். நான் பித்தளைக் கூஜா ஒன்றை எடுத்து வைத்துப் பார்ப்பதுபோல நின்றேன். கடைசியில் 650-க்கு முடிந்தது. லேபிள் போய்விட்டது, அது எனக்கு வருத்தம்தான். ஆனால் இந்தக் கண்ணாடியின் நீலப்பச்சை இருக்கிறதே, வெயிலில் பிடித்தால் அப்படி ஒரு அழகு.

சரி, அழகு பாட்டிலுக்குத்தான். உள்ளே இருந்ததைப் பற்றி இன்று கொஞ்சம் கோபமாகத்தான் பேசப்போகிறேன். போன வீடியோவுக்குக் கீழே பலர் எழுதியிருந்தீர்கள், அந்தக் காலத்து மருந்தெல்லாம் சுத்தம், மூலிகை, பக்கவிளைவே இல்லை என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. இந்த பாட்டிலில் இருந்தது என்ன தெரியுமா? சாராயத்தில் கரைத்த அபின், கஞ்சாச் சாறு, குளோரோஃபார்ம். ஆமாம், அறுவைச் சிகிச்சையில் ஆளை மயக்கப் பயன்பட்ட அதே குளோரோஃபார்ம்.

இது பிறந்ததே நம் நாட்டில்தான். ஜான் காலிஸ் பிரவுன் ஆங்கிலேய ராணுவ மருத்துவர். இந்தியாவில் இருந்தபோது 1848-இல் காலராவுக்கென்று இந்தக் கலவையைச் செய்தார். 1856-இல் ராணுவத்தை விட்டுவிட்டு, தயாரிக்கும் உரிமையை லண்டனில் டேவன்போர்ட் என்ற மருந்து வணிகரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு இருமல், சளி, காசநோய், ஆஸ்துமா, வயிற்றுப்போக்கு, வலிப்பு, பல்வலி என்று விளம்பரத்தில் எழுதாத நோய் இல்லை. புற்றுநோய் வலிக்குக்கூட இதுதான் என்றார்கள்.

காலராவில் இது வேலை செய்வதுபோலத் தெரிந்ததற்குக் காரணம் அபின். அபின் குடலின் அசைவைக் கட்டிப்போடும், போக்கு நிற்கும், வலி மரத்துப்போகும், இருமலும் அடங்கும். வீட்டில் இருப்பவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஆனால் காலரா ஆளைக் கொல்வது உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் வடித்து. அதைத் திருப்பிக் கொடுக்க இந்த பாட்டிலில் ஒரு துளிகூட வழி கிடையாது.

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வில்லியம் ஓ'ஷானஸி என்ற இளம் மருத்துவர் 1831-லேயே காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, நீரும் உப்பும் குறைந்துபோயிருப்பதைக் கண்டு எழுதிவிட்டார். அடுத்த வருடமே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்பவர் உப்பு நீரை ரத்தக்குழாயில் ஏற்றி, சாகக் கிடந்தவர்களில் சிலரை எழுந்து உட்கார வைத்தார். 1832! குளோரோடைன் வருவதற்கு 16 வருடம் முன்பு! அதை மருத்துவ உலகம் அப்படியே கைவிட்டுவிட்டது. இன்னொன்று கேளுங்கள். அதே ஓ'ஷானஸி பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குக் கல்கத்தா வந்தார். கஞ்சாவை மேல்நாட்டு மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தியதும் அவர்தான், 1839-இல். அவர் காட்டிய சரியான வழியை விட்டுவிட்டு, கஞ்சாவை மட்டும் எடுத்து பாட்டிலில் ஊற்றினார்கள்.

கொஞ்சம் பின்னால் போகிறேன், விலையில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. நான் கொடுத்த விலை இல்லை, அந்தக் காலத்து விலை. அப்போது 12 பென்னி (பன்மையில் பென்ஸ்) சேர்ந்தால் ஒரு ஷில்லிங். இங்கிலாந்தில் சிறிய பாட்டில் ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. அடுத்தது 2 ஷில்லிங் 9 பென்ஸ். அப்புறம் 4 ஷில்லிங் 6 பென்ஸ். குளோரோடைன் மட்டுமில்லை, மாத்திரை, தைலம், பொடி எதை எடுத்தாலும் அந்தக் காலத்து விளம்பரங்களில் ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி திரும்பத் திரும்ப வரும். ஏன் இப்படி ஒரு கோணல் விலை என்று எனக்கு ரொம்ப நாள் உறுத்தல்.

அது வரி! ஒரு ஷில்லிங் வரை விலையுள்ள மருந்துக்கு ஒன்றரைப் பென்னி அரசு முத்திரை வரி. இரண்டரை ஷில்லிங் வரை 3 பென்ஸ், 4 ஷில்லிங் வரை 6 பென்ஸ். கூட்டிப் பாருங்கள், நான் சொன்ன மூன்று விலையும் அப்படியே வரும். இது பிடிபட்ட அன்று எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, இந்த பாட்டில் கிடைத்த சந்தோஷத்துக்குச் சமம். 1783-இல் தொடங்கிய வரி 1941 வரை ஓடியது. வரி கட்டியதற்கு அடையாளமாக மூடிமேல் அரசு முத்திரைத்தாள் ஒட்டியிருக்கும். வாங்குகிறவர் என்ன நினைப்பார்? அரசாங்கமே பரிசோதித்து முத்திரை குத்திய மருந்து என்றுதானே நினைப்பார்? உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. காசு வாங்கிக்கொண்டு முத்திரை கொடுத்தார்கள், அவ்வளவுதான். எனக்கு இதில் மருந்து விற்றவர்களைவிட அந்த முத்திரைமேல்தான் ஆத்திரம்.

அந்தக் காசில் சரக்கின் மதிப்பு எவ்வளவு? பீச்சம் மாத்திரை என்று ஒன்று, பெட்டி ஒரு கினி பெறும் என்று விளம்பரம். ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதைப் பகுத்துப் பார்த்தது. கற்றாழைப் பால் கட்டி, இஞ்சி, சோப்பு. 56 மாத்திரை கொண்ட பெட்டிக்கு மூலப்பொருள் செலவு அரை ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. விற்றது அதே ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு, அதாவது பதின்மூன்றரைப் பென்னிக்கு. வகுத்துப் பாருங்கள், 108 மடங்கு! ஹாலோவே என்பவர் விற்ற மாத்திரையும் ஏறக்குறைய அதே சரக்குதான். அந்தப் பணத்தில் ஹாலோவே பெண்களுக்கு ஒரு கல்லூரியே கட்டினார், 1886-இல் விக்டோரியா ராணி வந்து திறந்துவைத்தார். பேதி மாத்திரை அவ்வளவு காசு கொட்டியது.

குளோரோடைனுக்குத் திரும்புகிறேன். ஃப்ரீமன் என்ற போட்டிக்காரர் தானும் ஒரு குளோரோடைன் விற்றார். வழக்கு 1864-இல் நீதிமன்றம் போயிற்று. கண்டுபிடித்தவர் பிரவுன்தான், எதிர்த்தரப்பு சொன்னது பொய் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதைப் பல வருடம் விளம்பரத்திலேயே அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் செய்தது என்று அவ்வளவு சண்டை, உள்ளே அபின் இருக்கிறது என்று லேபிளில் போட மட்டும் மனம் வரவில்லை. 1868-இல் இங்கிலாந்தில் நஞ்சுப் பொருள் விற்பனைக்குச் சட்டம் வந்தபோதும் இந்த மாதிரி மருந்துகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். 1892-இல் வழக்குப் போட்ட பிறகுதான் நஞ்சு என்று லேபிளில் போடவேண்டியதாயிற்று. அதற்குள் எத்தனை பேர் இதற்கு அடிமையாகி, அளவு மீறிக் குடித்துச் செத்துப்போனார்கள்.

குழந்தைகளுக்குக் கொடுத்ததைப் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொல்லாமல் விடக்கூடாது. அமெரிக்காவிலிருந்து 1849-இல் வந்த மிஸஸ் வின்ஸ்லோ சிரப், பல் முளைக்கும் குழந்தைகளுக்கு என்றே விற்றது. அதில் மார்ஃபின். அழும் குழந்தை தூங்கிவிடும், சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை. விளம்பரத்தில் தாயும் சேயும் கொஞ்சும் படம். அந்த பாட்டில் எத்தனை அழகாக இருந்தாலும் என் அலமாரியில் அதற்கு இடமில்லை.

கிரைப் வாட்டரில் அபின் இருந்ததா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இல்லை. 1851-இல் நாட்டிங்ஹாமில் உட்வர்ட் செய்தது சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர், அதோடு கொஞ்சம் சாராயம். சாராயம் சுமார் 3.6 சதவீதம், அது பிற்காலத்தில்தான் எடுக்கப்பட்டது.

அந்த நாள் ஐரோப்பியர் வீட்டு மருந்துப் பெட்டியில் நான் மதிக்கிற ஒரே பொருள் குயினைன். கசப்பு தாங்காது, ஆனால் மலேரியாவை நிஜமாகவே பிடித்து நிறுத்தியது. 1860-களிலிருந்து நம் நீலகிரியிலேயே சிங்கோனா மரம் வளர்த்தார்கள். மற்றபடி அதே பெட்டியில் இருந்த டோவர் பொடியிலும் அபின்தான்.

அட, இதைச் சொல்லவே இல்லையே! சென்னை மவுண்ட் ரோட்டில் பல வருடம் பாழடைந்து கிடந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டிடம் தெரியும்தானே? அது 1897-இல் டபிள்யூ. இ. ஸ்மித் மருந்து நிறுவனம் கட்டியது. மருந்துக் கடைக்கு அவ்வளவு பெரிய மாளிகை! அதற்குத் தனி வீடியோ கண்டிப்பாகப் போடுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய மருந்து பாட்டில் மூடியோடு, உள்ளே திரவத்தோடு இருந்தால் திறக்காதீர்கள், முகர்ந்தும் பார்க்காதீர்கள். பக்கவாட்டு எழுத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். ஊட்டி, வால்பாறைப் பக்கம் எஸ்டேட் கணக்குப் புத்தகம் யார் வீட்டிலாவது இருந்தால், மருந்து வாங்கிய பக்கத்தை மட்டும் காட்டுங்கள். அங்கே குளோரோடைனை எத்தனை அணாவுக்கு வாங்கினார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.