முற்றத்துக் கூரைக்கு எந்தக் கண்ணாடி?

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரியில், இராயக்கோட்டை சாலைப் பக்கம் பூச்சு வேலை நடக்கும் ஒரு வீட்டுக்குள் நிற்கிறேன். மேலே பாருங்கள், முற்றம் திறந்து கிடக்கிறது. இதற்குத்தான் கண்ணாடிக் கூரை. "பன்னிரண்டு எம்.எம். டஃபன்டு போட்டால் போதுமே, அது உடையவே உடையாதாமே?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

உடையும், ஐயா. டஃபன்டு என்பது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலுவானது என்பது உண்மைதான். ஆனால் உடைந்தால் மொத்தமும் பொடித்துண்டுகளாகிவிடும். குளியலறைக் கதவுக்கு அது நல்லது, ஆழமாகக் கிழிக்காது. தலைக்கு மேல் கதை வேறு. 12 எம்.எம். கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கட்டியாகவும் விழும். கோடை மழையோடு ஆலங்கட்டி விழும் ஊர் இது. போதாக்குறைக்குப் பக்கத்திலேயே தென்னை மரம்.

ஆகவே லேமினேட்டட்தான். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டியிருப்பார்கள். உடைந்தாலும் சில்லுகள் படலத்தை விட்டு வராது. கார் முன்கண்ணாடியும் இதே வகைதான்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒட்டும் இரண்டையும் டஃபன்டாகவே கேட்கிறார்கள். இரண்டும் ஒருசேர உடைந்தால், ஈரத்துணி போலத் தொய்ந்து சட்டத்திலிருந்து நழுவக்கூடும். ஹீட் ஸ்ட்ரென்தன்டு, அதாவது சூடாக்கி, டஃபன்டைவிட மெதுவாகக் குளிரவைத்த கண்ணாடி, பெரிய துண்டுகளாக உடைவதால் விறைப்பாக நிற்கும். கூரைக்கு என் ஓட்டு அதற்கே. படலம் 0.38 மில்லிமீட்டரின் மடங்குகளில் வரும். இந்த இடத்துக்கு நான் 1.52 கேட்பேன். பில்லில் வெறுமனே '12 எம்.எம்.' என்று எழுத விடாதீர்கள். '6+1.52+6' என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். கண்ணாடியின் மூலையில், பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த மாதிரித் துண்டின் ஓரத்தைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். நடுவில் மெல்லிய கோடு தெரிகிறதா? அதுதான் படலம். இந்த மூலை வெளுத்திருக்கிறது பாருங்கள். ஈரம் புகுந்து ஒட்டு விட ஆரம்பித்திருக்கிறது. இப்படி வந்தால் இறக்கவே விடாதீர்கள்.

ஓரம் அடைக்கும் சிலிக்கானையும் கவனியுங்கள். டியூபைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அது இந்த வேலைக்கு ஆகாது, படலத்தைக் கெடுத்துவிடும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், பொருத்துபவரும் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.