ஹீரோவுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர்: வால்டர் பிரென்னன்

நண்பர்களே, வணக்கம்.

ஹாலிவுட் நடிகர் வால்டர் பிரென்னன் என்று பேரைச் சொன்னால் பலருக்கு ஆள் பிடிபடாது. படத்தைக் காட்டினால், “அட, ‘ரியோ பிராவோ’வில் ஜெயிலுக்குக் காவல் இருப்பாரே, காலை இழுத்து இழுத்து நடக்கிற தாத்தா!” என்போம். நடிப்புக்காக மூன்று ஆஸ்கர் வாங்கிய முதல் ஆள் அந்தத் தாத்தாதான்.

துணைப் பாத்திரங்களுக்கு விருது என்ற ஏற்பாடே 1936ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதலில் வந்தது. நடிகர்களில் அதை முதலில் வாங்கியவர் பிரென்னன். அப்புறம் 1938, 1940. ஆனால் அந்தப் பிரிவில் ஜெயித்தவர்களுக்கு அன்றைக்குச் சிலை கிடையாது, ஒரு தகடுதான். கதாநாயகனுக்குச் சிலை, கூட நின்றவனுக்குத் தகடு! 1944 விழாவில்தான் இவர்களுக்கும் சிலை கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்குள் நம்மாள் மூன்றையும் வாங்கி முடித்துவிட்டார்.

அந்த விருதுகளுக்கு அப்போது எக்ஸ்ட்ராக்களும், அதாவது கூட்டக் காட்சிகளில் வந்து நிற்கிறவர்களும், ஓட்டுப் போட்டார்கள். பிரென்னனும் எக்ஸ்ட்ராவாக இருந்தவர்தான். கூட்டத்தில் தங்களோடு நின்றவன் என்பதால் அள்ளிப் போட்டார்கள், அதனால் ஜெயித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டுமே. பக்கத்தில் நின்று பார்த்தவனைவிட நடிப்பை எடைபோட வேறு யாருக்குத் தகுதி?

பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1894இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்ற ஊரில் பிறப்பு. முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பிரான்சுக்குப் போனார். திரும்பி வந்து லாஸ் ஏஞ்சல்ஸில் நிலம் வாங்கி விற்று நிறையச் சம்பாதித்தார். 1920களின் நடுவில் நில விலை சரிந்தது, எல்லாம் போயிற்று. குடும்பத்தைக் காப்பாற்ற ஸ்டுடியோ வாசலில் போய் நின்றார். அங்கே இன்னொரு எக்ஸ்ட்ராவாக அலைந்துகொண்டிருந்தவர் கேரி கூப்பர். நெடுநெடுவென்ற உயரமும் முகவெட்டும் கூப்பரைக் கதாநாயகனாக்கின. பிரென்னனுக்குப் பத்து வருஷம் பிடித்தது.

1932இல் ஒரு விபத்தில் பல் போயிற்று. நடிகனுக்குப் பல் போனால் பிழைப்பு போயிற்று என்றுதானே நினைப்போம்? இவருக்கு அங்கேதான் பிழைப்பு தொடங்கியது. பல்செட்டைக் கழற்றினால் கன்னம் ஒட்டி, தாடை உள்ளே போய், எழுபது வயசு ஆகிவிடும். மாட்டினால் நாற்பது. இயக்குநர் ஹவார்ட் ஹாக்ஸ் பின்னாளில் ஒரு கதை சொல்வார். ‘பார்பரி கோஸ்ட்’ படத்துக்காக வந்த இந்த ஆளிடம் வசனத்தைப் பேசிக்காட்டச் சொன்னாராம். “வைத்தா, வைக்காமலா?” என்று கேட்டாராம் பிரென்னன். “எதை?” “பல்லை!” அந்த இடத்திலேயே வேஷம் கிடைத்தது, சில நாள் வேலை பல வாரமாக நீண்டது. தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். அது 1935, இவருக்கு வயசு நாற்பத்தொன்று.

வெறும் பல் வித்தை என்று நினைத்துவிடக் கூடாது. ‘தி வெஸ்டர்னர்’ படத்தில் இவர் நீதிபதி ராய் பீன். எடுத்ததற்கெல்லாம் தூக்கில் போடுகிற ஆள். ஆனால் நேரில் பார்த்தே இராத நடிகை லில்லி லாங்ட்ரி மேல் பைத்தியம். அவள் பேரைக் கேட்டதும் அந்தக் கொடூரன் முகம் பள்ளிக்கூடப் பையன் முகமாகக் குழைந்துபோகும். கதாநாயகன் கேரி கூப்பர்தான், ஆனால் படம் பிரென்னனுடையது.

ஹாக்ஸ் எடுத்த ‘ரெட் ரிவர்’ இன்னும் நுட்பம். ஜான் வெய்ன் அதில் பிடிவாதம் முற்றிக் கொடுங்கோலனாகிற மாட்டுப் பண்ணைக்காரர். இவர் சமையல் வண்டி ஓட்டுகிற க்ரூட். முதலாளி தப்பு செய்கிறபோது, “நீங்க செய்தது தப்பு” என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர் அவர்தான். வெய்னை எந்த அளவுக்கு நம்பலாம், எப்போது பயப்படவேண்டும் என்பதை நாம் வெய்ன் முகத்தில் படிப்பதில்லை, க்ரூட் முகத்தில்தான் படிக்கிறோம். கதாநாயகனை அளந்து காட்டுகிற கோல் இவர். ஹாக்ஸ் திரும்பத் திரும்ப இவரைக் கூப்பிட்டதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

அதே முகத்தை இயக்குநர் ஜான் ஃபோர்டு ‘மை டார்லிங் கிளெமென்டைன்’ படத்தில் வில்லனாக்கினார். தடிதடியாக வளர்ந்த மகன்களைச் சவுக்கால் அடிக்கிற கிழட்டு கிளான்டன். முனகல் இல்லை, சிரிப்பு இல்லை. இவருக்கா அந்தச் செல்லத் தாத்தா வேஷமெல்லாம் கொடுத்தார்கள் என்று உதறல் எடுக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அரசியலில் அவர் கடும் வலதுசாரி. 1968 அதிபர் தேர்தலில், இனப் பிரிவினையை ஆதரித்துப் பேர் வாங்கிய ஜார்ஜ் வாலஸ் பக்கம் நின்றார். திரையில் நியாயம் சொன்ன தாத்தாவை மனசில் வைத்திருப்பவர்களுக்கு இது கசக்கும். எனக்கும் கசக்கிறது. அதற்காக க்ரூட்டை என்னால் வெறுக்க முடியவில்லை.

1974இல் இறந்தார். இப்போது ‘ரெட் ரிவர்’ போடப்போகிறார்கள். அதில் க்ரூட் தன் பல்செட்டைப் பணயம் வைத்துச் சீட்டாடித் தோற்பார். ஜெயித்தவன் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் அதை இரவல் கொடுப்பான். தேநீருக்கு வெளியே போகிறவர்கள் அந்தக் காட்சி முடிந்த பிறகு போங்கள்.